துடுப்பைக் கொடுக்காதவள்

நாலரை மணி. பிற்பகல் நாலரை. பேய்க் கதைக்கு நள்ளிரவுதான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், எங்கள் மாட்சுத் தீவுகளின் ஏப்ரல் மூடுபனியை அவர் பார்த்ததில்லை என்று அர்த்தம். மீன்படகுத் துறையிலிருந்து பழைய கடற்படைச் சுரங்கத்துக்குப் போகிற சாலை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல். கடல் இருப்பது சத்தத்தில்தான் தெரியும். அன்று விமானம் ரத்து, கப்பலும் ரத்து. சாலையில் ஈ காக்கை இல்லை. ஒரே ஒருத்தி மட்டும், தோளில் ஒரு துடுப்பும் முதுகில் ஓர் இரும்புச் சட்டியுமாக நடந்துகொண்டிருந்தாள்...

இருங்கள். அதற்கு முன்னால் ஆளுக்கொரு பாத்திர மூடியும் கரண்டியும் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அடுப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள், இன்றைக்கும் வெளியே அதே மூடுபனிதான். தைச்சுங் நகரத்திலிருந்து வந்த ஐயா, நீங்கள் இப்படி வாருங்கள். தலையெல்லாம் நனைந்திருக்கிறதே, குடை கொண்டுவரவில்லையா?

"கொண்டு வந்தேங்க, நல்ல நீளக் குடை. படகுத்துறையில ஒரு பையன் வாங்கி வச்சுக்கிட்டான். காலையில வந்து எடுத்துக்கலாம்னான்."

ம்... சரி. இந்தத் துண்டால் துடைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு வருவோம்.

இது எனக்கு நடந்ததல்ல. என் சிநேகிதி யூலானின் அக்கா சியூஜினுக்கு நடந்தது. யூலானுக்குப் பொய் வராது. மாஜாங் ஆடும்போது நல்ல கட்டை கைக்கு வந்தால் அவள் காது சிவந்துவிடும். இதைச் சொன்ன அன்று அவள் காது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அதனால் நான் நம்புகிறேன்.

சுரங்கம் உங்களுக்குத் தெரியும். தைவான் பட்டாளம் இங்கே குவிந்திருந்த காலத்தில், படகுகளை எதிரே சீனக் கரையில் இருக்கும் எதிரி கண்ணில் படாமல் ஒளித்துவைக்க மலையைக் குடைந்து கடலை உள்ளே விட்டார்கள். இப்போது அங்கே நீல விளக்கு, சனிக்கிழமை மாலைகளில் செல்லோ வாத்தியம், வாயிலில் ஆள் போக ஆள் வரச் சுழலும் கம்பி, ஐஸ்கிரீம். சுற்றுலா வருகிறவர்களைப் படகில் உட்காரவைத்து, எங்கள் ஆட்கள் பின்னால் நின்று ஒற்றைத் துடுப்பால் வலித்துக்கொண்டு கடல் வாய் வரைக்கும் போய்த் திரும்புவார்கள். நான் குறை சொல்லவில்லை. வெடிகுண்டு அடுக்கிய இடத்தில் ஐஸ்கிரீம் விற்பது எவ்வளவோ மேல்.

ஆனால் மூடுபனி நாளில் மட்டும் படகோட்டிகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சுரங்கம் வளைகிற இடத்தில் பாறையில் ஒரு காவல் பொந்து இருக்கிறது. அங்கே வந்ததும் வலிப்பதை நிறுத்திவிடுவார்கள். துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கி, இரண்டு கைகளாலும் கிடையாக ஏந்தி, அந்தப் பொந்தை நோக்கி நீட்டுவார்கள். யாரும் பேச மாட்டார்கள். படகு தானாக மிதந்து வளைவைத் தாண்டும். பயணிகள் அதை ஏதோ சடங்கு என்று நினைத்துப் படம் பிடிப்பார்கள். படகோட்டி வாய்க்குள் சாமியைக் கூப்பிடுவது படத்தில் விழாது.

ஒரே ஒருவன் அதைச் செய்யாமல் போனான். திரும்பி வந்தபோது அவன் மணிக்கட்டில் ஐந்து விரல் தடம் கன்றிப்போயிருந்தது. அவன் அடுத்த கப்பலிலேயே தைவான் பெருந்தீவுக்குப் போய்விட்டான்.

சியூஜின் அந்தச் சுரங்க வாசலில் தேநீர் முட்டை விற்றுக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. கட்டை குட்டையான உருவம், கணீரென்ற குரல். விளக்குத் திருவிழா அன்று படகோட்டி அசுங், சோளச் சாராயம் உள்ளே போன தைரியத்தில் அவளிடம் வாயை விட்டான்.

"அந்த வளைவுல நிக்கும்போது வெளிய இருந்து ஒரு சத்தம் வரும் சியூஜின். யாரோ படகு விளிம்பத் தட்டுற மாதிரி. நாங்க எல்லாருமே கேட்டிருக்கோம். கேக்காத மாதிரி வந்துருவோம்."

"எப்படித் தட்டும்?"

அசுங் மேசையில் தட்டிக் காட்டினான். டொக்... டொக் டொக்.

சியூஜின் கையிலிருந்த கரண்டி முட்டைப் பானைக்குள் விழுந்தது.

அது அவளுடைய அப்பா தட்டுகிற விதம். அந்தக் காலத்தில் இங்கே ஒவ்வொரு மீன்படகுக்கும் தட்டுகிற விதம் ஒன்று உண்டு. மூடுபனியில் முகம் தெரியாது, விளக்கு ஏற்றக் கூடாது. கரையை நெருங்கும்போது படகு விளிம்பைத் துடுப்பால் தட்டுவார்கள். கரையில் பெண்கள் இரும்புச் சட்டியைக் கரண்டியால் அடித்து, 'இந்தப் பக்கம் வா' என்று வழி காட்டுவார்கள். அப்பாவுடையது ஒன்று, கொஞ்சம் இடைவெளி, பிறகு இரண்டு. அந்த மூன்றாவது தட்டு காதில் விழுந்ததும் சியூஜினின் அம்மா சேமியாவை வெந்நீரில் போடுவாள்.

சியூஜினுக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு மூடுபனி நாள். அப்பா நேரமாகியும் வரவில்லை. அம்மா பாறை மேல் நின்று சட்டியை அடித்தாள். இரண்டு சிப்பாய்கள் வந்து சட்டியைப் பிடுங்கினார்கள். எதிரிக்குத் துறையைக் காட்டிக்கொடுக்கிறாயா என்றார்கள். அவள் கல்லை எடுத்துப் பாறையில் அடித்தாள். அவளையே இழுத்துக்கொண்டு போய்ச் சுரங்கத்துக் காவல் அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். அங்கே இருந்துதான் அவள் கேட்டாள்... டொக்... டொக் டொக். அவர் எப்படியோ தடவித் தடவிச் சுரங்கத்து வாய்க்கே வந்துவிட்டார். குறுக்கே சங்கிலி. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் காவல்காரன்.

அப்போதெல்லாம் மீனவர்களின் துடுப்பைப் பொழுது சாய்வதற்குள் காவலில் ஒப்படைக்க வேண்டும். இரவில் யாரும் அக்கரைக்கு ஓடிவிடக் கூடாதாம். காவல்காரன் சங்கிலியை அவிழ்க்கவில்லை. "துடுப்பைக் கொடு. காலையில வந்து எடுத்துக்கலாம்" என்றான். அப்பா கொடுத்துவிட்டார். சொன்னதைக் கேட்கிற மனிதர். சங்கிலி இடுக்கில் துடுப்பை நீட்டினார். துடுப்பு இல்லாத படகை வடிந்து இறங்கும் கடல் வெளியே இழுத்துக்கொண்டு போயிற்று.

விடிந்தபோது துடுப்பு காவல் அறைச் சுவரில் ஒழுங்காகச் சாய்ந்திருந்தது. படகும் இல்லை, ஆளும் இல்லை. துடுப்பையும், பிடுங்கிய சட்டியையும் அம்மாவிடம் கொடுத்தனுப்பினார்கள்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கே ஆத்திரம் வருகிறது. சியூஜினுக்கு எப்படி இருந்திருக்கும்? ஐம்பது வருடமாக அப்பா செத்துவிட்டார் என்று நினைத்து அழுது ஓய்ந்தவள் அவள். இப்போது தெரிகிறது, அவர் போகவில்லை. வெளியே நிற்கிறார். தட்டிக்கொண்டே இருக்கிறார். உள்ளே இருப்பவர்கள் துடுப்பை நீட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு போகிறார்கள்.

மறுநாளே முட்டைப் பானையைத் தங்கை யூலானிடம் தள்ளிவிட்டுப் படகு வலிக்கக் கற்றுக்கொள்ளப் போனாள். ஊரே சிரித்தது. "படகை நீ ஓட்டுறியா, படகு உன்னை ஓட்டுதா?" என்றார்கள். முதல் வாரம் பாறையில் முட்டினாள். இரண்டாம் வாரம் தண்ணீரில் விழுந்தாள். மார்ச் முடிவதற்குள் அசுங்கைவிட நேராக வலித்தாள். பிறகு மூடுபனிக்காகக் காத்திருந்தாள்.

அந்த நாலரை மணிக்கு வருவோம். சுரங்க வாசலில் 'இன்று மூடல்' பலகை. அசுங் மட்டும் படகுகளில் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். அவளையும் அவள் முதுகுச் சட்டியையும் பார்த்தான்.

"என்ன இது, பேய்க்கு மீன் வறுக்கப் போறியா?"

"கயித்த அவுருங்கண்ணே."

"இன்னிக்கு மூடியாச்சு. பலகை கண்ணுல படல?"

"சுத்திப் பாக்க வர்றவங்களுக்குத்தான் பலகை. நான் எங்க அப்பாவக் கூட்டிட்டு வரப் போறேன்."

அசுங் வாளியைக் கீழே வைத்தான். அவள் கையிலிருந்த துடுப்பைப் பார்த்தான். பழைய துடுப்பு. அவனுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தான், அங்கே வானம் எதுவும் இல்லை. பிறகு திட்டிக்கொண்டே படகில் ஏறி முன்னால் உட்கார்ந்தான்.

"உன்னத் தனியா விட்டுட்டு உன் தங்கச்சி வாயில விழுறதுக்கு, பேய் கையிலயே விழுந்துடலாம்."

உள்ளே நீல விளக்குகள் அணைந்திருந்தன. அசுங்கின் கைவிளக்கு மட்டும். சொட்டு... சொட்டு... என்று பாறை கசிந்தது. ஈரக் கல் வாடை. துடுப்பு நீரைக் கிழிக்கிற சத்தம். வளைவு நெருங்க நெருங்க வேறொரு வாடை வந்தது. துப்பாக்கிக்குப் போடுகிற எண்ணெய்... மட்டமான சிகரெட்...

கைவிளக்கு அணைந்தது. அசுங் அணைக்கவில்லை.

"தூக்கிடு சியூஜின்," என்றான் மூச்சுக் குரலில். "துடுப்பத் தூக்கிக் காட்டிடு. உன் கால்ல விழுறேன்."

"மாட்டேன்."

அப்போது கேட்டது. வெளியே, தூரத்தில்... டொக்... டொக் டொக்.

சியூஜின் இத்தனை வருடமும் கனவில் கேட்ட சத்தம் அது. அம்மா சாகும் வரை சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்த சத்தம்.

"துடுப்பைக் கொடு."

பொந்திலிருந்து வந்தது குரல். எங்கள் தீவுப் பேச்சு அல்ல, பட்டாளத்துப் பேச்சு. பயந்துபோன சின்னப் பையனின் குரல், இருபது வயதுகூட இருக்காது. அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது.

"துடுப்பைக் கொடு. காலையில வந்து எடுத்துக்கலாம்."

"எந்தக் காலையில?" சியூஜின் கத்தினாள். சுரங்கம் முழுக்க அந்தக் குரல் முட்டி மோதித் திரும்பி வந்தது. "ஐம்பது வருஷமா விடிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. எங்க அப்பாவுக்கு எந்தக் காலையில குடுத்த?"

தண்ணீருக்கடியில் துடுப்பை ஒரு கை பிடித்தது. துடுப்பு வழியாகவே குளிர் ஏறி அவள் தோள் வரைக்கும் வந்தது. இழுத்தது. படகு சாய்ந்தது. அவள் படகின் குறுக்குப் பலகையில் காலை ஊன்றிக்கொண்டு பதிலுக்கு இழுத்தாள்.

"அண்ணே, சட்டிய அடி!"

அசுங் படகின் அடியில் குப்புறப் படுத்திருந்தான்.

"படுத்துக்கிட்டே அடி! எந்திரிச்சு நின்னா அடிக்கச் சொன்னேன்?"

அவன் படுத்தபடியே கையை நீட்டிச் சட்டியைத் தடவி எடுத்தான். கரண்டியால் ஒரு தட்டு. டிங். அழுதுகொண்டே இன்னொன்று. பிறகு என்ன நினைத்தானோ, வெறிபிடித்த மாதிரி அடிக்க ஆரம்பித்தான். டங்! டங்! டங்! பாறையெல்லாம் அதிர்ந்தது.

"சத்தத்தை நிறுத்து!" என்றது குரல். "நிறுத்து! சுடுவேன்!" துப்பாக்கியின் தாழ் பின்னால் இழுபடுகிற சத்தம் துல்லியமாகக் கேட்டது.

"சுடு!" என்றாள் சியூஜின். "எங்க அம்மா சட்டியப் பிடுங்கினீங்க. எங்க அப்பா துடுப்பப் பிடுங்கினீங்க. இது ரெண்டும் இப்ப எங்கிட்ட இருக்கு. உசுரே போனாலும் தர மாட்டேன். சுடுறா பாப்போம்!"

துப்பாக்கி வெடிக்கவில்லை. வெளியே, கடல் வாயில், இப்போது இல்லாத அந்தச் சங்கிலி கடகடவென்று நீரில் விழுந்தது.

டொக்... டொக் டொக். கிட்டத்தில். டொக்... டொக் டொக். இன்னும் கிட்டத்தில். துடுப்பைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. படகு ஒரு பக்கமாகத் தாழ்ந்தது, நீரிலிருந்து ஒருவர் கையூன்றி ஏறினால் தாழுமே, அப்படி. பாசி வாடையும் படகுக்குப் பூசுகிற எண்ணெய் வாடையும் வந்தன. சியூஜின் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வலிக்க முடியாமல் போயிருக்கும்.

"உக்காருங்க அப்பா," என்றாள். "வீட்டுக்குப் போலாம்."

படகு மறுபடி தாழ்ந்தது. மறுபடி. மறுபடி. அசுங் கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தான். தண்ணீர் படகு விளிம்பைத் தொட்டுக்கொண்டு வந்ததாம். அவள் ஒரு சொட்டுகூட உள்ளே விடாமல் வலித்தாளாம்.

படித்துறைக்கு வந்ததும் படகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பியது. கல் படிகளில் ஈரப் பாதங்கள் ஒவ்வொன்றாக ஏறின. வெறுங்கால்கள். வாயிலில் சுழல்கம்பி 'டக்' என்று ஒரு முறை சுழன்றது. பிறகு 'டக்'. பிறகு 'டக்'. அந்தத் துறைக்கு வெளியே நிறுத்திவைக்கப்பட்டவர் சியூஜினின் அப்பா மட்டும் இல்லையே. ஒரு தடத்தில் இடது கட்டைவிரல் இல்லை. அசுங் அதைப் பார்த்தான். பயத்தை மறந்து அந்தத் தடத்தின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து உள்ளங்கையை அதன் மேல் வைத்தான். அதே போல் ஒரு மூடுபனி நாளில் திரும்பி வராத அவன் அண்ணனுக்கு அந்த விரல் சுறா வலையில் போயிருந்தது.

இதே நேரம் வீட்டில் யூலான் ராத்திரிச் சமையலுக்கு வெந்நீர் வைத்திருந்தாள். அப்பா போனபோது அவள் கைக்குழந்தை, அவர் முகம் தெரியாது. வாசல் கட்டையில் யாரோ தட்டினார்கள். டொக்... டொக் டொக். என்ன ஏது என்று யோசிப்பதற்குள் அவள் கை தானாகவே சேமியாவை எடுத்து வெந்நீரில் போட்டுவிட்டது. அம்மா செய்வது போலவே. சிவப்பு அரிசிச் சாராயம் ஊற்றி, முட்டை உடைத்துவிட்டு, கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். பின்னால் நாற்காலி நகர்ந்தது. சூடான சேமியாவை ஒருவர் உறிஞ்சிச் சாப்பிடுகிற சத்தம். மெதுவாக... ருசித்து...

சியூஜின் ஓடிவந்தபோது கிண்ணம் காலி. நாற்காலியில் கடல்நீர். அக்காவும் தங்கையும் அந்த ஈர நாற்காலியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சந்தோஷமாக அழுதார்கள் என்று யூலான் சொன்னாள்.

இத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

மறுநாள் காலையில் அசுங் போய்ப் படித்துறையைப் பார்த்தான். வெறுங்கால் தடங்கள் உப்புப் பூத்துக் காய்ந்திருந்தன. அவற்றுக்கெல்லாம் பின்னால், கடைசியாக, ஒரு ஜோடி பூட்ஸ் தடம். அதுவும் சுழல்கம்பியைத் தாண்டி வெளியே வந்திருந்தது. அது மட்டும் காயவில்லை.

அன்றிலிருந்து வளைவில் யாரும் துடுப்பை நீட்டுவதில்லை, அங்கே வாங்க ஆள் இல்லை. அந்தக் காவல்காரன் ஊருக்குள் வந்துவிட்டான். மூடுபனி இறங்கினால் வீடு வீடாக வருகிறான். கதவுக்கு வெளியே நின்று 'துடுப்பைக் கொடு' என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். பாவம், அவனுக்கு வேறு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. சியூஜின் அவனிடம் பயப்படவில்லை. அப்பாவின் துடுப்பை வாசலுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு, அவன் முகத்துக்கு நேராகச் சட்டியை அடிக்கிறாள். அவளைப் பார்த்து ஊரே அடிக்கிறது, அந்தச் சத்தத்துக்கு அவன் நகர்ந்துவிடுகிறான். எங்கள் ஊரில் இனி யாரும் எதையும் ஒப்படைப்பதில்லை.

அதற்குத்தான் ஐயா இந்த மூடிகள்.

பயப்படாதீர்கள். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் இறங்கினீர்களே, அந்தப் படகுத்துறையில் இப்போது காவலுக்கு என்று யாரும் கிடையாது. பட்டாளம் போய் முப்பது வருடம் ஆகிவிட்டது. நீளமான குடை என்றீர்கள்... மூடுபனியில் தூரத்திலிருந்து பார்த்தால் அது துடுப்பு போலத்தான் இருந்திருக்கும்.

கொடுத்துவிட்டீர்கள். சரி, போகட்டும். இந்தக் கதவுக்கு வெளியே பூட்ஸ் சத்தம் நின்று கொஞ்ச நேரம் ஆகிறது. கையில் உங்கள் குடையோடு நிற்கிறான். இரண்டாவதாக எதைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மூடியைத் தூக்குங்கள். அடியுங்கள்.